ஊசிக்குழாயில் மிஞ்சிய துளிகள்

2000 சிட்னி ஒலிம்பிக். பெண்கள் 100 மீட்டரை அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 10.75 விநாடியில் ஓடி முடித்தார். அடுத்து வந்தவர் 0.37 விநாடி பின்னால். இந்த ஓட்டத்தில் அது மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. 3 தங்கம், 2 வெண்கலம் என்று அங்கே அவர் வென்றவை 5 பதக்கங்கள். 2007-இல் ஐந்தையும் இழந்தார். ஆனால், அதற்குக் காரணமான மருந்துக்காக எந்தச் சோதனையிலும் அவர் சிக்கவில்லை.

அந்த மருந்து எப்படித் தப்பியது?

நம் தசைச் செல்லுக்குள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கென்றே, பூட்டு மாதிரி ஓர் ஏற்பி இருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும், இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், புரதம் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். ஜோன்ஸ் எடுத்தது போன்ற செயற்கை ஸ்டீராய்டு அதே பூட்டுக்கான கள்ளச்சாவி. தசை பெருக்கும், கடும் பயிற்சியில் நைந்த தசை சீக்கிரம் தேறவும் உதவும். நேற்று ஓடிய அதே வேகத்தில் இன்றும் பயிற்சி செய்யலாம். ஓட்டக்காரருக்குப் பெரிய லாபமே இதுதான்.

அப்போதைய சோதனையில், சிறுநீரில் உள்ள பொருள்களை வேதிமுறையில் பக்குவப்படுத்தி, சூடாக்கி ஆவியாக்கிப் பிரிப்பார்கள். பிறகு கருவி மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளை எடைபோடும். ஒவ்வொரு மருந்தும் உடையும் விதம் கைரேகை மாதிரி. ஆனால், ரேகை ஏற்கெனவே பதிவில் இருந்தால்தானே ஆளைப் பிடிக்க முடியும்?

பேட்ரிக் அர்னால்ட் என்ற வேதியியலாளர் அங்கேதான் புகுந்தார். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குத் தரப்படும் ஜெஸ்ட்ரினோன் மூலக்கூறில் 4 ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்தார். கிடைத்தது டி.எச்.ஜி. என்ற புது ஸ்டீராய்டு. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. போதாக்குறைக்கு, ஆவியாக்கும் பக்குவத்தில் அது சிதைந்து, தெளிவான தடயம் விடாமல் நழுவியது. கலிஃபோர்னியாவின் பால்கோ என்ற ஊட்டச்சத்து நிறுவனம் வழியாக வீரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நாக்கின் அடியில் சில துளி விட்டால் போதும்.

2003 ஜூனில் ஒரு பயிற்சியாளர், பயன்படுத்திய ஊசிக்குழாய் ஒன்றை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடம் சேர்ப்பித்தார். அடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேட்லினின் ஆய்வகம் அதன் அமைப்பைக் கண்டுபிடித்து, சரிதானா என்று பார்க்க அதே பொருளைத் தானும் தயாரித்தது. ஆவியாக்காமல் திரவமாகவே பிரித்துப் பார்த்தால் சிறுநீரில் சிக்கிவிடும் என்பதும் தெரிந்தது. சில மாதங்களிலேயே பிரிட்டனின் ஓட்டவீரர் ட்வெய்ன் சேம்பர்ஸ் பிடிபட்டார்.

ஜோன்ஸோ மறுத்துக்கொண்டே இருந்தார். டி.எச்.ஜி. எடுத்ததை 2007 அக்டோபரில் நீதிமன்றத்தில்தான் ஒப்புக்கொண்டார். ஆளிவிதை எண்ணெய் என்று சொல்லித் தன் பயிற்சியாளர் கொடுத்ததாகச் சொன்னார். விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக 6 மாதச் சிறை.

எனக்கு ஆறாதது வேறொன்று. சிட்னியில் ஜோன்ஸ் தங்கம் வென்ற 200 மீட்டரில் இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க வாங்கியது வெண்கலம். 1948-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2009-இல் அது வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆனால் அன்று மேடையில், உலகமே பார்க்க, அவர் நின்றது மூன்றாம் படியில்தான்.