நொடிக்கு நூறு மடக்கு

பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம், பவர் சப்ளையில் 115, 230 என்று எழுதிய ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். தெரியாமல் அதை 115-இல் வைத்து நம்மூர் பிளக்கில் செருகினால் ‘டப்’பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகிய வாடை. இப்போது வரும் பெரும்பாலான பவர் சப்ளைகளில் அந்த சுவிட்ச் இல்லை. அது காணாமல் போனதில் ஐரோப்பிய விதி ஒன்றுக்கும் பங்குண்டு.

குண்டு பல்பு மின்சாரத்தை நிதானமாகக் குடிக்கும். மின்னழுத்தம் ஏறினால் ஓட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். கம்ப்யூட்டரும் டிவியும் அப்படியல்ல. உள்ளே ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிஃபையர், அதை ஒட்டி ஒரு பெரிய மின்தேக்கி. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் சப்ளை, அலையின் உச்சியில் 325 வோல்ட்டைத் தொடும். மின்தேக்கி ஏற்கெனவே முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியே இருப்பதால், அந்த உச்சியை ஒட்டிய ஓரிரு மில்லிநொடியில் மட்டும் மடக்கென்று இழுத்துக்கொள்ளும். மற்ற நேரம் சும்மா இருக்கும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் இது நொடிக்கு நூறு மடக்கு.

இந்தக் கூர்முனை ஓட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸ் அலையோடு 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகளில் வேறு அலைகளும் கலந்திருக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ். தம்புராவின் ஒரே தந்தியில் பல சுரங்கள் கேட்பதும் இதே கணக்குதான். அங்கே காதுக்கு இனிமை, இங்கே கம்பிக்குச் சூடு.

மூன்றாவது ஹார்மோனிக்தான் பெரிய வில்லன். த்ரீ பேஸ் கட்டடத்தில் மூன்று பேஸிலும் சுமை சமமாக இருந்தால், 50 ஹெர்ட்ஸ் ஓட்டங்கள் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 150 ஹெர்ட்ஸ் ஓட்டங்களோ மூன்றும் ஒரே தாளத்தில் வந்து கூடிவிடும். கம்ப்யூட்டர்கள் நிறைந்த ஆபீஸில், பேஸ் கம்பியில் ஓடுவதைப்போல 1.7 மடங்கு வரைகூட நியூட்ரலில் ஓடலாம். பெரும்பாலும் ஃபியூஸ்கூட இல்லாத கம்பி அது. ஊரே டிவி பார்க்கும் மாலை நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் அதே உச்சியில் இழுப்பதால், சப்ளை அலையின் தலையே மொட்டையாகிவிடும்.

ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர் வரை இழுக்கும் கருவிகளின் ஹார்மோனிக்ஸுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பியத் தரநிலைதான் இ.என். 61000-3-2. 1995-இல் வந்தது. கட்டாயமானது 2001 ஜனவரி 1-இல். ஆனால் அதே நாளில் அதன் திருத்தமும் கூடவே வந்து சேர்ந்தது. பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டில் எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம் என்று 2004 ஜனவரி 1 வரை அவகாசம். ஆக, ‘எப்போது அமலானது’ என்று கேட்டால் இரண்டு தேதிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருத்தம் எதற்கு? பழைய விதி, ஓட்டத்தின் வடிவத்தை ஒரு அச்சில் பொருத்திப் பார்த்தது. அச்சுக்குள் அடங்கினால்தான் கடுமையான வரம்பு. அலையை லேசாக அச்சுக்கு வெளியே தள்ளிவிட்டால் தளர்ந்த வரம்போடு தப்பிக்கலாம். புதியது சுற்றி வளைக்காமல் கம்ப்யூட்டர், மானிட்டர், டிவி என்று பெயரைச் சொல்லியே பிடித்தது. 75 முதல் 600 வாட் வரை, மூன்றாவது ஹார்மோனிக் வாட்டுக்கு 3.4 மில்லியாம்பியரைத் தாண்டக்கூடாது. 200 வாட் கம்ப்யூட்டருக்கு இது 0.68 ஆம்பியர். அது இழுக்கும் அடிப்படையான 50 ஹெர்ட்ஸ் ஓட்டமே ஏறக்குறைய 0.87 ஆம்பியர்தான்! கறார் என்று சொல்ல முடியாது. ஐந்தாவது, ஏழாவதில்தான் பிடி இறுகுகிறது.

வரம்புக்குள் அடங்க மலிவான வழி ஒரு சோக். கனமான இரும்பு, லேசான ரீங்காரம், சிவப்பு சுவிட்சும் அப்படியே இருக்கும். நல்ல வழி, ஓட்டத்தை அலையின் வடிவத்திலேயே இழுக்கவைக்கும் ஒரு மின்சுற்று. அது எந்த சப்ளையையும் 400 வோல்ட்டை ஒட்டி உயர்த்திக்கொள்வதால் 115-உம் 230-உம் அதற்கு ஒன்றுதான். சுவிட்சுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று, இந்தத் தேதிகள் மாடலுக்கானவை அல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி. 2000 டிசம்பரில் சந்தைக்கு வந்துவிட்ட டிவியை அதன் பிறகும் விற்கலாம். அதே மாடலில் ஜனவரியில் புதிதாக வந்து இறங்கும் டிவி, விதிக்கு உட்பட வேண்டும்.