அந்தப் பூனை யாருடைய அறையில் உட்கார்ந்திருக்கிறது?

வாழ்த்து அட்டை வடிவமைப்பதும் அச்சடித்து விற்பதும் என் தொழில். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களை வைத்து அட்டை போட ஆரம்பித்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பூனை உட்கார்ந்து வெளியே பார்க்கிறது. கீழே வயல்வெளி, தூரத்தில் ஃபுஜி மலை, அடிவானத்தில் அந்திச் சிவப்பு. குழந்தைகளின் பிறந்தநாள் அட்டைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்குமா என்று ஐந்நூறு பிரதி அடித்துவிட்டேன். ஜப்பானிய மொழி படித்த வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்தவர், அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "மேடம், இது எந்த இடம்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

அது ஹிரோஷிகே என்ற ஜப்பானிய ஓவியர் 1857-இல் வரைந்த படம். 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற வரிசையில் வருவது. எடோ என்பது இன்றைய டோக்கியோ. பூனை உட்கார்ந்திருக்கும் அறை, அரசு அனுமதியோடு நடந்த யோஷிவாரா என்ற விலைமாதர் பேட்டையில் இருக்கிறது. வயலுக்கு நடுவே எறும்புச் சாரை மாதிரி தெரிவது கோவில் திருவிழாவுக்குப் போகும் கூட்டம். அறைத் தரையில் சில கொண்டை ஊசிகள் கிடக்கின்றன. அதிர்ஷ்டத்தை வாரிக்கொண்டு வரும் என்று அந்தத் திருவிழாவில் விற்கிற மூங்கில் வாரியின் வடிவம் அவற்றுக்கு. யாரோ வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு தட்டியின் விளிம்பு மட்டும் தெரிகிறது. அதற்குப் பின்னால் இருப்பவர்களை ஹிரோஷிகே காட்டவில்லை. யோஷிவாராவைச் சுற்றி அகழி உண்டு. அங்கிருந்த பெண்கள் நினைத்தபோது வெளியே போக முடியாது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பதையும் நான் அப்போதுதான் கவனித்தேன். திருவிழாவை அந்தப் பெண்ணுக்குப் பதிலாக அவள் பூனை பார்த்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு ஆழமான படம் அது! ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு 'ஹேப்பி பர்த்டே' சொல்ல வரைந்த படம் இல்லை. மிச்சமிருந்த அட்டைகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். அதிலிருந்து, கதை தெரியாமல் எந்த ஜப்பானியப் படத்தையும் அட்டையில் ஏற்றுவதில்லை. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இந்தப் படங்களை இறக்கி அட்டை அடிக்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் போன்ற இடங்களே பழைய படங்களை இலவசமாகத் தருகின்றன. படம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது, அர்த்தத்தை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெருமையான ஒரு செய்தியும் உண்டு. ஜப்பானில் பல வண்ண அச்சு வளர்ந்ததே புத்தாண்டு வாழ்த்துப் பரிமாற்றத்தில்தான். அந்தக் காலத்து ஜப்பானிய நாட்காட்டியில் 30 நாள் மாதமும் 29 நாள் மாதமும் கலந்து வரும். எது எது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். நாட்காட்டி அச்சிடும் உரிமையை அரசு சிலருக்கு மட்டுமே கொடுத்திருந்தது. அதனால் வசதியும் ரசனையும் உள்ளவர்கள், மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்துவைத்து அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். 1765-இல் இந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போனது. அந்த வருடம் சுசுகி ஹருநோபு வரைந்த ஒரு படத்தில், திடீர் மழையில் ஒரு பெண் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடிவருகிறாள். ஓடுகிற வேகத்தில் ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. காயும் அந்த உடுப்பின் டிசைனை உற்றுப் பார்த்தால், பூவேலை மாதிரி தெரிவதெல்லாம் எழுத்துகள்: அந்த வருடமும், அதில் வரும் நீண்ட மாதங்களும். இப்படிப் போட்டி போட்டு வண்ணத்துக்கொரு கட்டை செதுக்கியதில் பிறந்ததுதான் 'நிஷிகி-எ', ஜரிகைப் பட்டுப் போன்ற படம் என்று அவர்கள் பெயர் வைத்த முழுவண்ண அச்சு.

அப்புறம், எல்லோரும் கேட்கிற அந்தப் பெரிய அலைப் படம். ஹோகுசாய் என்ற ஓவியர் எழுபது வயதுக்காரராக இருந்தபோது, 1831 வாக்கில் வந்தது. 2024-இல் வெளியான ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்திலும் அதுதான். வருடா வருடம் டிசம்பர் நெருங்கும்போது, சுனாமி நினைவு நாளுக்கு இந்த அலையைப் போட்டு அட்டை வேண்டும் என்று யாராவது கேட்டு வருவார்கள். நான் செய்து தருவதில்லை. அது சுனாமி இல்லை, நடுக்கடலில் எழும் பெரிய அலை. அதோடு, நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு வீட்டுக்கு, நகங்கள் போல வளைந்து நிற்கும் அந்த நுரையை எப்படி அனுப்புவது?

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்று படகுகள் இருக்கின்றன. எடோ சந்தைக்குப் புது மீன் கொண்டுபோகும் வேகப் படகுகள் அவை. ஆட்கள் தலையைக் குனிந்து, படகோடு படகாக ஒட்டிக்கிடக்கிறார்கள். நடுவில் பள்ளத்தில் இன்னொரு சின்ன அலை மாதிரி தெரிவதுதான் ஃபுஜி மலை. மேலிருந்து சிதறும் நுரைத் துளிகள் அந்த மலைமேல் பனி பெய்வது போலவே இருக்கும். வரிசையின் பெயரே 'ஃபுஜியின் முப்பத்தாறு காட்சிகள்'. நன்றாக விற்றதால் இன்னும் பத்து சேர்த்து மொத்தம் 46 படங்கள் வந்தன. அலையின் அந்த நீலம் பெர்லினில் பிறந்த சாயம். ஊர்ப் பெயரை வைத்தே ஜப்பானியர்கள் அதை 'பெரோ' என்றார்கள்.

ஒருமுறை ஒரு நிறுவனத்துக்காக இதே படத்தை வைத்து அட்டை தயாரித்தோம். அட்டை திறக்கும் பக்கத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று படத்தை இடவலமாகத் திருப்பச் சொன்னார்கள். முடியாது என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது. ஜப்பானிய எழுத்து வலமிருந்து இடமாக நகர்வது. அவர்கள் கண்ணும் வலப்பக்கத்திலிருந்துதான் படத்துக்குள் நுழையும். படகுகளோடு சேர்ந்து நாமும் அலைக்கு எதிராகப் போகிறோம். திருப்பினால் அந்த எதிர்ப்பே போய்விடும். இடது மேல்மூலையில் இருக்கும் தலைப்பும் ஹோகுசாயின் கையெழுத்தும் கண்ணாடியில் பார்த்த எழுத்தாகிவிடும். படிக்கத் தெரிந்த ஒருவர் கையில் அது கிடைத்தால் என்ன நினைப்பார்?

ஓரத்தை வெட்டுவதும் அப்படித்தான். சின்னச் சின்னச் சிவப்புக் கட்டங்களை அழுக்கு என்று நினைத்து அழித்த டிசைனர்களைப் பார்த்திருக்கிறேன். அவை தணிக்கை முத்திரை, வெளியீட்டாளர் முத்திரை, சிலவற்றில் மாதமும் வருடமும் சொல்லும் முத்திரை. யோஷிதா ஹிரோஷி என்ற ஓவியர், தன் நேரடி மேற்பார்வையில் அச்சானது என்பதற்கு இடது வெள்ளை ஓரத்தில் 'ஜிசுரி' என்று முத்திரை வைப்பார். ஓரத்தை வெட்டினால் அதுவும் போச்சு. இவர் 1930-களின் தொடக்கத்தில் இந்தியா வந்து சுற்றியவர். மதுரைக் கோவிலையும் மரக்கட்டை அச்சாக்கியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பூக்களில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். வெள்ளையும் ரோஸுமாகப் பூ தெரிந்தாலே 'செர்ரி' என்று பின்னால் அச்சடித்துவிடுகிறார்கள். இதழ் நுனியில் சின்ன வெட்டு இருந்து, பூ நீளக் காம்பில் தொங்கினால் செர்ரி. இதழ் உருண்டையாக, பூ கிளையோடு ஒட்டியிருந்தால் அது உமே, பிளம் இனம். உமே குளிர் முடியும் முன்பே பூக்கும். பொறுமைக்கும் படிப்புக்கும் உரிய பூ. கல்விக்குத் தெய்வமான தென்ஜின் கோவில்களில் அதுதான் நிற்கும். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு அனுப்ப அருமையானது. ஓவியர் வான்கோ பார்த்து வரைந்த ஹிரோஷிகேயின் கமெய்தோ தோட்டப் படத்திலும் இருப்பது உமே. செர்ரி, உதிர்வதை நினைவூட்டும் பூ. ஆனால் அதை வைத்து மட்டும் ஒதுக்கிவிடவும் முடியாது. கல்யாணப் பேச்சின்போது உப்பில் பதப்படுத்திய செர்ரிப் பூவை வெந்நீரில் மிதக்கவிட்டுக் கொடுப்பது அங்கே மங்கல வழக்கம்.

கேமெலியாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீர்கள். அது இதழ் இதழாக உதிராமல் தலை விழுவதுபோல முழுசாக விழும். செப்டம்பரில் கல்லறை ஓரங்களில் செக்கச் செவேலென்று பூக்கும் ஹிகன்பானா அழகாகத்தான் இருக்கும், ஆனால் இறந்தவர்களோடு சேர்ந்த பூ. நம் ஊரில் சாமந்தி எல்லாக் காரியத்துக்கும் பொது. அங்கே வெள்ளைச் சாமந்தி என்றால் இறுதிச் சடங்கு. கொக்குக்கு ஆயிரம் வருடம், ஆமைக்குப் பத்தாயிரம் வருடம் ஆயுள் என்பது அவர்கள் வழக்கு. அதனால் அறுபதாம் கல்யாணத்துக்கு யோசிக்காமல் கொக்கைப் போடலாம்.

இரங்கல் அட்டைக்கு என்ன படம் வைப்பது என்று நான் நிறைய நாள் தேடினேன். கவாசே ஹசுயி என்பவர் மழையையும் பனியையும் வாழ்நாள் முழுக்க வரைந்தவர். 1923 நிலநடுக்கத் தீயில் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் எரிந்துபோக, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1957-இல் அவர் கடைசியாக வரைந்தது ஹிராய்சுமியில் உள்ள பொன் மண்டபம். பனி கொட்டுகிறது. ஒரே ஒரு துறவி நமக்கு முதுகைக் காட்டியபடி மண்டபத்தை நோக்கி ஏறிப் போகிறார். அச்சு முடியும்போது ஹசுயி உயிரோடு இல்லை. அவருடைய நினைவுச் சடங்கில் நண்பர்களுக்கும் உறவினருக்கும் அந்தப் படத்தைக் கொடுத்தார்கள்.

இரங்கல் அட்டை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். உள்ளே வாசகம் எதுவும் அச்சடிப்பதில்லை. பின்பக்கம் மட்டும், அந்தத் துறவி எந்த மண்டபத்துக்கு ஏறிப் போகிறார், அந்தப் படம் முதன்முதலில் யார் யார் கைக்குப் போனது என்று நான்கு வரி இருக்கும்.