கிளிப்பைக் கட்டத்தில் ஒட்டுவதற்கு முன்

சிவராத்திரி நெருங்கினால் திருகோணமலையில் புதுப் பக்திப் பாடல்கள் வரிசையாக வரத் தொடங்கும். பெரும்பாலானவை வீட்டுக் கணினியில் செய்தவை. மிக்ஸிங்குக்கு என்னிடம் வரும்போது அநேகமாக ஒரே பிழைதான்: ஸ்னாப்பை, அதாவது நகர்த்தும் ஒலித்துண்டைத் தானாகக் கோட்டில் ஒட்டவைக்கும் வசதியை, போட்டுவிட்டு எல்லாக் கிளிப்பையும் (ஒலித்துண்டையும்) திரையில் தாளத்தைக் காட்டும் கட்டக் கோட்டில் ஒட்டியிருப்பார்கள். திரையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், கேட்டால் தாளம் நொண்டும். கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் தவில் கேட்டு வளர்ந்த காதுகள் அதை உடனே பிடித்துவிடும்.

ஸ்னாப் வழக்கமாகப் பிடிப்பது கிளிப்பின் ஓரத்தை, அடியை அல்ல. ஒரு தவில் கிளிப்பை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மின்விசிறி இரைச்சல் மெல்லிய கோடாக ஓடும். குச்சி தோலில் விழும் இடம் அதற்குப் பிறகுதான் செங்குத்தாக எழும். அந்த இடைவெளி 40 மில்லிசெக்கன் என்றால் தவிலும் 40 மில்லிசெக்கன் பிந்தித்தான் ஒலிக்கும். 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடி 500 மில்லிசெக்கன், அதன் கால்பங்கு 125. இதில் 40 சின்ன விஷயமில்லை. எம்பி3 ஆக்கும்போதும் கோப்பின் முன்னால் சிறு வெறுமை சேரும். அதனால் வெளிநாட்டிலிருந்து பாடி அனுப்புபவர்களிடம் சுருக்காத வேவ் கோப்பையே கேளுங்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்னாப் ஆஃப்செட் என்ற குறி இருக்கிறது. அதை அடி எழும் இடத்தில் வைத்தால் கிளிப் அந்தப் புள்ளியிலிருந்தே ஒட்டும். இல்லாவிட்டால் அடிக்குச் சற்று முன்வரை வெட்டி, ஒலி மெல்ல எழும்படி சிறிய ஃபேட் இன் போடுங்கள்.

குரலுக்கு இதே கணக்கு சரிவராது. 'சிவ' என்று பாடும்போது 'ச்' என்ற காற்றொலி முன்னே வரும், தாளத்தில் விழுவது அதன் பின்னால் வரும் 'இ'. காற்றொலியைக் கோட்டில் வைத்தால் பாடகர் பிந்திப் பாடியதுபோல் கேட்கும். பாவம், அவர் சரியாகத்தான் பாடியிருப்பார்.

கட்டமே பிழையாக இருப்பதும் உண்டு. புது ப்ராஜெக்ட் பல மென்பொருள்களில் 120 பிபிஎம், 4/4 (சுற்றுக்கு நாலு அடி) என்றே திறக்கும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளப் பாட்டுக்கு அதை 7/8 ஆக மாற்றி, 3, 2, 2 என்று எண்ணிப் பாருங்கள். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்த மிருதங்கம் சரணத்தில் கொஞ்சம் வேகம் பிடிக்கும். அது பிழையில்லை, பாட்டின் உயிரே அதுதான். அங்கே மிருதங்கத்தை இழுக்காமல் டெம்போ மேப் (இடத்துக்கு இடம் மாறும் வேகக் குறிப்பு) போட்டுக் கட்டத்தை அதன் பின்னால் நகர்த்துங்கள். விருத்தத்துக்குத் தாளமே இல்லை, கட்டமும் வேண்டாம். ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளில் நீண்ட கோப்புகளைத் தானாக வார்ப் செய்யும், அதாவது கட்டத்துக்கு ஏற்ப இழுத்துச் சுருக்கும், அமைப்பு உண்டு. விருத்தம் போடும்போது வார்ப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கமகம் (சுரத்தின் அசைவு) இழுபட்டுக் குழையும்.

தவிலுக்கு இரண்டு மைக் வைத்திருந்தால் இரண்டு ட்ராக்கையும் குழுவாக்கி ஒன்றாகவே நகர்த்துங்கள். ஒலி ஒரு மீற்றர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் ஆகும், அதனால் தூர மைக்கில் அடி சற்றுப் பிந்தி விழுவது இயல்பு. தனித்தனியாக ஒட்டினால் அந்த இடைவெளி அடிக்கு அடி மாறி, குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியின் கனத்த நாதம் ஓர் அடியில் நிறைந்தும் அடுத்ததில் மெலிந்தும் கேட்கும்.