சைக்கிளைப் பூட்டிவைப்பதற்கு முன்னால்

புதுக்கோட்டையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். மூட்டுவலி, இடுப்புவலி, எலும்பு முறிவுக்குப் பிந்தைய பயிற்சி என்று என்னிடம் வருகிறவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். அவர்களிடம் முதலில் கேட்பவற்றில் ஒன்று, "எதுல வந்தீங்க?" என்பது. பஸ், ஷேர் ஆட்டோ, மகனுடைய வண்டி என்று பதில் வரும். "சைக்கிள்லதான்" என்று சொல்லும் பெண்களும் எங்கள் மாவட்டத்தில் உண்டு.

காரணம் இங்கே பலருக்கும் தெரியும். 1991-92இல் இங்கே நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். கல் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள், ஆசிரியைகள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகள் நாற்பதை நெருங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது, "இனிமே சைக்கிளைத் தொடாதம்மா" என்கிறார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. சாலை முன்பு போல் இல்லை. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு, அம்மா விழுந்துவிட்டார் என்று போன் வந்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது. ஆனால் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துவைத்த பிறகு என்ன ஆகிறது என்பதை நான் அடுத்தடுத்த மாதங்களில் பார்க்கிறேன்.

பூட்டுவதற்கு முன்பே ஒன்று தொடங்கிவிடுகிறது. விழுந்ததை மறைப்பார்கள். முழங்காலுக்குக் கீழே பெடல் இடித்த நீலத் தழும்பு இருக்கும். முழங்கைச் சிராய்ப்பில் மஞ்சள் பூசியிருக்கும். "எங்கம்மா விழுந்தீங்க?" என்றால், "வாசல்ல தடுக்குச்சு" என்பார்கள். துணைக்கு வந்த மருமகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டால்தான் உண்மை வரும். "சொன்னா வண்டிய எடைக்குப் போட்டுருவாய்ங்க தாயி, நீ அவன்கிட்ட சொல்லிராத." இந்த மறைப்புதான் எனக்கு மிகவும் கவலை தருவது. முதல் முறை விழுந்ததன் காரணம் தெரிந்தால் இரண்டாவது முறை விழாமல் தடுக்க முடியும். காரணம் மாத்திரையாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், சீட்டின் உயரமாகக்கூட இருக்கலாம். வீட்டில் சொன்னால் சைக்கிள் போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை அந்தக் காரணம் வெளியே வராது.

பூட்டிய பிறகு நடப்பது வேறு. கீரை வியாபாரம் செய்யும் ஓர் அம்மா மூன்று கிராமங்களைச் சைக்கிளிலேயே சுற்றிவருவார். மூட்டுவலி என்று வந்தபோது தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை வந்தபோது நாற்காலியிலிருந்து எழவே இரண்டு கையும் தேவைப்பட்டது. தொடையில் டேப் வைத்து அளந்தால் சுற்றளவு குறைந்திருந்தது. மூட்டுவலி குறைந்ததா என்றால், கூடியிருந்தது. முட்டியைத் தாங்கிப்பிடிப்பதே தொடையின் முன்பக்கத் தசைதான். அது மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டின் மேல் இறங்கும். போதாததற்கு அவருடைய கையில் காசு இல்லை. ரேஷன் கடைக்குப் போக ஆள் பார்க்க வேண்டும், கோயிலுக்குப் போக ஆள் பார்க்க வேண்டும். "யாரையும் கேக்காமப் போய் வந்தவ நான்" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சைக்கிள் மிதித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடக்கும்போதும் படி ஏறும்போதும் உடல் எடை முழுவதும் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. மூட்டு அடி வாங்காமல் அசைகிறது. மூட்டுத் தேய்மானத்துக்காக வருகிறவர்களை நாங்களே நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் உட்காரவைக்கிறோம். வீட்டில் மிதிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, இங்கே வந்து காசு கொடுத்து மிதிக்கவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனால் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். நான் பார்க்கும் சைக்கிள்களில் அதிகமாகத் தவறாக இருப்பது இதுதான். வயதாக ஆக, கால் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை அடிவரைக்கும் இறக்கிவிடுகிறார்கள். அப்படி மிதித்தால் பெடல் மேலே வரும்போது முட்டி மிகவும் மடங்கும். மடங்க மடங்க, முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்பவர்களுக்குப் பாதி நேரம் ஸ்பேனர்தான் முதல் வைத்தியம்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யாராவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்கார்ந்து பெடலை அடிக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வைத்துப் பாருங்கள். கால் கிட்டத்தட்ட நேராக நிற்க வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் மூட்டுக்கு நல்ல உயரம். வயதானவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: அந்த உயரத்தில் கால் தரைக்கு எட்டாது, நிறுத்தும்போது தடுமாறுவார்கள். அதனால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதியும் அளவுக்கு மட்டும் இறக்கிக்கொள்ளலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஏற்கெனவே மிகவும் இறக்கியிருந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடாமல் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலும் ஏற்றலாம்.

இதைவிட முக்கியமானது ஏறுவதும் இறங்குவதும். என்னிடம் வந்தவர்களில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தவர்களைவிட ஏறி இறங்கும்போது விழுந்தவர்களே அதிகம். இதில் பழைய நினைவுக்குப் பங்கு இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூட மைதானத்தில், பின்னால் ஒருத்தி காரியரைப் பிடித்துக்கொள்ள, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கற்றவர்கள் இவர்கள். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு உந்து உந்தி, ஓட்டத்திலேயே காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது அன்று பழகியது. உடம்பில் ஊறிய அந்த வித்தை மறக்காது. இன்றும் சைக்கிளைத் தொட்டவுடன் உடம்பு தானாக அதையே செய்கிறது. ஆனால் இடுப்பு அந்த அளவுக்கு விரிவதில்லை. பின்னால் மூட்டையோ குடமோ இருந்தால் கால் அதில் தட்டுகிறது. சாய்ந்த சைக்கிளைச் சமாளிக்க ஒரு கணத்துக்குள் மறு கால் வந்து ஊன்ற வேண்டும், அது தாமதமாகிறது.

எனவே புதிதாக ஏறப் பழக்குகிறேன். சைக்கிளை நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, தன் பக்கமாக லேசாகச் சாய்த்து, காலைப் பின்னால் வீசாமல் முன்புறமாகவே அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இரண்டு காலும் தரையில் இருக்கும்போது ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, அதை மிதித்துக்கொண்டே சீட்டில் உட்கார வேண்டும். இறங்கும்போதும் முழுதாக நிறுத்திய பிறகே. இதற்குப் பார் இல்லாத சைக்கிள் வேண்டும். 28 அங்குலச் சக்கரம் போட்ட கறுப்புச் சைக்கிளில் முடியாது. "பார் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தின் பின்னால் இருக்கும் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆம்பளை வண்டியை அவர்கள் சண்டை போட்டு ஓட்டியவர்கள். ஆனாலும் மாற்றத்தான் சொல்கிறேன். புதிது வாங்கும் செலவுகூட வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் பேத்திக்கு அரசு கொடுத்த சைக்கிள், அவள் கல்லூரிக்குப் போன பிறகு பல வீடுகளில் திண்ணையோரம் சும்மா நிற்கிறது. டயர், பிரேக் கட்டை, செயின் மூன்றையும் கடையில் பார்த்து வாங்கினால் பாட்டிக்கு அதுவே போதும். செயின் கவரும் பின்சக்கரத்தில் சேலைத் தடுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஓட்டலாமா என்று முடிவெடுக்க நான் வயதைப் பார்ப்பதில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவேன். 65 முதல் 69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் குறைந்தால், ஆணுக்கு 12க்குக் குறைந்தால், கால் பலம் சராசரிக்குக் கீழே என்று பொருள். பிறகு சுவரோரம் ஒற்றைக்காலில் 10 நொடி நிற்கச் சொல்வேன். இரண்டிலும் தடுமாறுகிறவர்களைச் சில வாரம் பயிற்சிக்கு வரச்சொல்லிவிட்டு மறுபடி பார்ப்பேன். வீட்டில் செய்து பார்ப்பதானால் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பேன். ரத்த அழுத்தத்துக்கும் பிராஸ்டேட்டுக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலை உண்டாக்கும். தூக்க மாத்திரையின் மயக்கம் மறுநாள் காலைவரை இருக்கும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் மிதிக்கவே கூடாது. படபடப்பும் வியர்வையும் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே இறங்கி, 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் உட்கார வேண்டும். அதை ஒரு பொட்டலமாகக் கட்டி எப்போதும் மடியிலோ பையிலோ வைத்திருங்கள். பாதம் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு கழன்றது தெரியாது, பெடல் கிழித்ததும் தெரியாது. பின்பக்கம் வார் வைத்த செருப்பு வேண்டும், வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே கசியும் ரத்தம் சில நாள், சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். ஹெல்மெட்டை முதலில் கேட்கவேண்டியவர்கள் இவர்கள்தான்.

கண்புரை இருப்பவர்களுக்கு எதிரே வரும் வண்டி வெளிச்சத்தில் சாலையே மறைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் வேண்டாம். கழுத்து திரும்பாதவர்கள் வலப்பக்கம் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளலாம். அதையும் முழுக்க நம்பாமல், பெரிய ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஓரமாக இறங்கி, தள்ளிக்கொண்டு கடந்துவிடுவது நல்லது.

உண்மையாகவே நிறுத்தச் சொல்லும் நேரங்களும் உண்டு. மயங்கி விழுகிறவர்கள், வலிப்பு வருகிறவர்கள், மிதிக்கும்போது நெஞ்சு அடைக்கிறவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கம் கவனத்தில் படாதவர்கள், தெரிந்த தெருவிலேயே வழி தவறுகிறவர்கள் சாலையில் ஓட்டக் கூடாது. இவர்களில் பலருக்கு, டாக்டரிடம் காட்டிய பிறகு, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் ஒத்துவரும். பார்க்கின்சன் நோயில் நடக்கவே கால் வராத சிலர் பெடலில் ஏற்றிவிட்டால் சரளமாக மிதிப்பதைப் பார்த்து வீட்டார் அசந்துபோவார்கள்.

சைக்கிளை நம்பியே இருந்துவிடவும் கூடாது. எலும்பு பலப்பட எடை தாங்கும் பயிற்சி வேண்டும், சைக்கிள் அதைத் தருவதில்லை. நடை, நாற்காலியில் எழுந்து உட்காருவது இரண்டும் கூடவே இருக்கட்டும். 65 வயதுக்கு மேல் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் போய்வருகிறவருக்கு அந்த 150இல் பெரும்பகுதி வீட்டு வேலையோடு வேலையாகக் கழிந்துவிடும்.

பல வருடம் விட்டுவிட்டேனே, இனி வருமா என்று கேட்பவர்களுக்குப் பிரான்ஸ் நாட்டு ராபர்ட் மார்ஷான் கதையைச் சொல்வேன். அவர் 2012இல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோமீட்டர் மிதித்தார். இடையில் முறையாகப் பயிற்சி எடுத்து, 2014இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் மிதித்தார். அந்த வயதிலும் உடம்பு பயிற்சிக்குப் பதில் சொல்கிறது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தில், காரியரில் எதுவும் இல்லாமல், ஏறி இறங்குவதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். பிறகு பத்து நிமிடம். முட்டியில் வலி வந்து மறுநாளும் இருந்தாலோ, வீக்கம் தெரிந்தாலோ, கை விரல்கள் மரத்துப்போனாலோ வந்து காட்டுங்கள். வரும்போது முடிந்தால் சைக்கிளையும் கொண்டுவாருங்கள், தள்ளிக்கொண்டு வந்தாலும் சரி. சீட்டை நாம் அங்கேயே ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம்.