எட்டாம் மாதத்தின் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் இரவுப் பணியில் இருந்தபோது 108-ல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 24 வயது, தலைப்பிரசவம், 33 வாரம். வழியிலேயே ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது. எங்கள் வாசலில் இரண்டாவது முறை. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கைக்குள் யாரோ ஒரு சாவிக்கொத்தைத் திணித்து வைத்திருந்தார்கள். பிரஷர் 190/120.

அவளை எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு நாள் முன்னால் இதே வாசல் வழியாக வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனவள். அன்று பிரஷர் 170/110, யூரினில் உப்பு (அதாவது புரதம்), காலையிலிருந்து விடாத தலைவலி. "உடனே அட்மிட் ஆகணும், பிரஷர் அடங்கலைன்னா குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும்" என்றேன். மாமியாரின் முகம் மாறிவிட்டது.

"எட்டாம் மாசங்க டாக்டரம்மா. ஏழுல பொறந்தாக்கூட தங்கிரும். எட்டுல தங்காதுங்க. ஒம்பது பொறக்கட்டும், நாங்களே கூட்டிட்டு வந்தர்றோம்."

ஒன்பது பிறக்க இரண்டு வாரம் இருந்தது. பிரஷருக்கு அந்தப் பொறுமை இல்லை. எட்டாம் மாதத்தைக் காரணம் காட்டிக் கையெழுத்துப் போட்டுப் போன குடும்பம் இந்த வருடத்தில் இது மூன்றாவது. படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வித்தியாசமே இல்லை. ஒருவர் இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவரிடம் நான் எண்களைப் பற்றி என்ன பேச!

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறப்பதைவிட எட்டில் பிறப்பது நல்லது. எட்டைவிட ஒன்பது நல்லது. 28 வாரத்தைவிட 30, 30-ஐவிட 32, 32-ஐவிட 34. வயிற்றுக்குள் ஒரு வாரம் கூடினால் பிழைக்கும் வாய்ப்பும் கூடும், அவ்வளவுதான். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் குழந்தைகளை விழுங்குகிற பள்ளம் எதுவும் கிடையாது. நல்ல வசதியுள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவில் 34 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் பிழைத்து வீட்டுக்குப் போகின்றன. 28 வாரக் குழந்தைக்காக நாங்கள் ஒவ்வொரு நாளும் போராட வேண்டியிருக்கும். உங்கள் கணக்கு நேர் தலைகீழ்.

இந்த நம்பிக்கை நம் ஊரின் சொத்து மட்டும் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்க மருத்துவர்களும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு காலம் எப்படி நிலைத்தது என்று நானும் யோசித்திருக்கிறேன். ஒன்று, மாதக் கணக்கே குழப்பம். நடக்கிற மாதத்தைச் சொல்கிறார்களா, முடிந்த மாதத்தையா, ஆடியில் தலைமுழுகாமல் போனதைக் கணக்கில் எடுத்தார்களா இல்லையா, யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் ஸ்கேன் ஏது? இரண்டு, கல்யாணமாகி ஏழே மாதத்தில் மூன்று கிலோவில் பிறந்த குழந்தைகள். அவை எல்லாம் "ஏழு மாசக் குழந்தை"தான். குடும்ப மானம் காத்த அந்தக் குழந்தைகள் நன்றாகத் தங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். ஏழு மாதக் குழந்தை உள்ளங்கை அளவில் இருக்கும். பார்த்தாலே பயம். எல்லோரும் ராத்திரி பகலாகக் காவல் காப்பார்கள். எட்டு மாதக் குழந்தை இரண்டு கிலோவில் கொழுகொழுவென்று தெரியும். "நல்லாத்தானே இருக்கு" என்று குளிப்பாட்டி, ஊருக்கெல்லாம் காட்டித் தொட்டிலில் போட்டுவிடுவார்கள். ஆனால் சப்பி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற வேலை 34 வாரத்தை ஒட்டித்தான் பழகும். உடம்புச் சூட்டைத் தக்கவைக்கக் கொழுப்பு போதாது. குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும். "சாது" என்பார்கள். அது சாது இல்லை. பாலுக்கு அழக்கூடத் தெம்பு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மஞ்சள் காமாலை ஏறும், மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அதைக் கொல்வது கவனக்குறைவு. பழி எட்டாம் மாதத்துக்கு.

ஒரு காலத்தில் எட்டு மாதக் குழந்தைகள் இறந்தது உண்மைதான், ஏழு மாதக் குழந்தைகளும் இறந்தன. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை 2.1 கிலோ. உலகத்திலேயே பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை. நுரையீரல் விரியாமல் 39 மணி நேரத்தில் இறந்துபோனது. பச்சிளங்குழந்தைகளுக்கான செயற்கைச் சுவாசம் அன்று தேறியிருக்கவில்லை. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைக் குழந்தைகளுக்குச் செலுத்தி ஜப்பானின் புஜிவாரா வெற்றி கண்டது 1980-ல். கருவில் இருக்கும்போதே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் காட்டியது 1972-ல். இன்று அதே 2.1 கிலோ குழந்தை எங்கள் மாவட்ட மருத்துவமனையில் பிறந்தால் காசில்லாமலே பிழைத்துவிடும். அன்று அதிபர் மகனுக்குக் கிடைக்காததை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

அந்த ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி இன்னொன்று. டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 24 முதல் 34 வாரம்வரை, சீக்கிரம் பிரசவமாகும் என்று தெரிந்தால் போடுவது. முழுப் பலன் கிடைக்க இரண்டு நாள் போதும். இந்தப் பெண் வீட்டில் ஒன்பதாம் மாதத்துக்காகக் காத்திருந்ததும் அதே இரண்டு நாள்தான். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இனி தாயின் விஷயம். கர்ப்பத்தில் பிரஷர் இப்படி ஏறும் இந்த நோய்க்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். முற்றினால் இந்தப் பெண்ணுக்கு வந்ததுபோல வலிப்பு வரும். 20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே நாங்கள் உஷாராவோம். 160/110 என்றால் அவசரம். கால் வீக்கம் பலருக்கும் வரும், அது மட்டும் வந்தால் பதற வேண்டாம். முகமும் கைவிரலும் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனால், ஒரே வாரத்தில் எடை கிடுகிடுவென ஏறினால், சோம்புத் தண்ணீரும் பார்லித் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வீக்கம் வடிந்தாலும் பிரஷர் வடியாது. மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வாருங்கள். மேல்வயிற்று வலியை "கேஸ்" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தே நாளைக் கடத்தி, கல்லீரல் கெட்டுப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலிப்பு வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள். இரும்பு கொடுப்பதால் எதுவும் நிற்காது. நிறுத்துவது மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான பழைய மருந்து. வலிப்பு வரும் முன்பே போட்டால் அது வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று 2002-ல் பல நாடுகளில் பத்தாயிரம் பெண்களை வைத்து நடந்த ஆய்வில் தெரிந்தது. நோய் தீர வேண்டுமென்றால் நஞ்சுக்கொடி வெளியே வர வேண்டும், அதாவது பிரசவமாக வேண்டும். வேறு வழி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிரசவம் ஆகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தை பிறந்த பிறகும், வீட்டுக்குப் போன பிறகும் வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறோம். ஆறு வாரம்வரை கவனம் வேண்டும். அடுத்த முறை கருத்தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் வந்து முன்கதையைச் சொல்லுங்கள். 16 வாரத்துக்கு முன் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் திரும்ப வரும் வாய்ப்பு குறையும். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அப்புறம், இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம். வருடம் ஒரு முறையாவது பிரஷர் பாருங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வரும்போதே பார்த்துக்கொள்ளலாம், தனியாக ஒரு நாள் வேண்டாம்.

அன்று ராத்திரி அவளுக்கு வலிப்பை நிறுத்தி, பிரஷரை இறக்கி, ஆபரேஷன் செய்தோம். பையன், 1.6 கிலோ. பிறந்ததும் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி நுரையீரலை விரித்து வைக்கும் சிபாப் கருவியில் மூன்று நாள் இருந்தான். தாய் தீவிர சிகிச்சையில். நாலாம் நாள் குழந்தைப் பிரிவு நர்ஸ், மாமியாரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, வெறும் டயப்பரோடு பையனை அவர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அந்த அம்மா பேசவே இல்லை. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தார்.

கங்காரு பராமரிப்பு என்பது இதுதான். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்த எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. ஏழைகளின் மாற்று வழி என்று சிலர் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். பிறந்த உடனே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் உண்டு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். அப்பாக்கள் வெட்கப்படுகிறார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள் ஐயா, யாரும் பார்க்கப் போவதில்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு: தாய்ப்பால் மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தூங்கினாலும் எழுப்பி. சப்பத் தெம்பில்லாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து வேண்டாம். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம், அந்த நுரையீரலைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு போதும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், ஊதாதீர்கள். இரண்டரைக் கிலோ தொடும்வரை ஈரத் துணியால் துடைத்தால் போதும், கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிகள் கொஞ்சம் பொறுக்கவும். பால் குடிக்கவில்லை, உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது, நெஞ்சு உள்ளிழுக்கிறது, உள்ளங்கால்வரை மஞ்சள் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கண் பரிசோதனையை மட்டும் மறக்கவே கூடாது. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகலாம். வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும், மிகச் சின்னக் குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே. நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசரில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேற்று இந்தக் குடும்பத்துக்கும் அந்தத் தேதியைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பையன் பாட்டியின் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் சீட்டை வாங்கிப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எட்டாந்தேதின்னு போட்டிருக்கீங்க டாக்டரம்மா. ஒம்பதுல வெச்சுக்கலாமுங்களா?"