ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்தான், ஆனால் எதுவரை?

வீட்டுப் பின்பக்கத்தில் குறி பார்த்துச் சுட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, லைசென்ஸ் வேண்டுமா என்பதுதான். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 2016 ஆயுத விதிகள் இதற்கு இரண்டு அளவுகோல்களை வைக்கின்றன. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடைகளில் 'பாயின்ட் 177' என்பது இதைத்தான். வாய்முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் உட்பட்டால் லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல்களைக் கடைக்காரர் கேட்பார், கொடுத்துவிட வேண்டும். 'பாயின்ட் 22' எனப்படும் 5.5 மில்லிமீட்டர் ரகம் இந்த விலக்கில் வராது. அதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை தரும் ஆயுதச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு வரை போகும்.

ஜூல் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 'ஆயிரம் அடி வேகம்' என்று போட்டிருப்பார்கள், அதாவது வினாடிக்குச் சுமார் 305 மீட்டர். குண்டின் எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல். 0.35 கிராம் இலகு குண்டு அந்த வேகத்தில் போனால் சுமார் 16 ஜூல், விதிக்குள் நிற்கிறது. வழக்கமான 0.53 கிராம் குண்டு அதே வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால் 24 ஜூலைத் தாண்டிவிடும். உண்மையில் அதே ஸ்பிரிங் கனமான குண்டை மெதுவாகத்தான் தள்ளும். அதனால் வேகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பில்லில் விட்டமும் ஜூல் அளவும் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு கடினமான ஸ்பிரிங் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். 20-ஐத் தாண்டிய நிமிடமே விலக்கு போயிற்று.

விலக்கு ஆயுதத்துக்குத்தான். குண்டு போய் விழும் இடத்துக்கு அல்ல. சென்னையில் ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது மனையில் வீடு போக, பின்னால் போட்டித் தூரமான 10 மீட்டர், அதாவது 33 அடி, கிடைப்பது அபூர்வம். பக்கவாட்டுச் சந்தில் 5 மீட்டர் கிடைத்தாலே போதும்; இலக்குத் தாளைப் பாதி அளவில் அச்சடித்துக்கொண்டால் கடினம் ஏறக்குறைய அதேதான். மொட்டை மாடி மட்டும் வேண்டாம். கைப்பிடிச் சுவர் மூன்றடி. தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும், அந்தத் தூரத்துக்குள் எத்தனை மாடிகளில் துணி காய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தாக அஜாக்கிரதையாக நடந்தால், யாருக்கும் அடிபடாவிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 125-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை உண்டு. பலத்த காயம் என்றால் 3 ஆண்டு வரை.

காம்பவுண்ட் சுவரையே தடுப்பாக நம்பாதீர்கள். சிமெண்டில் பட்ட ஈயக் குண்டு நசுங்கித் திரும்பி வரும், பூச்சும் சில்லாகத் தெறிக்கும். ஓர் அடி ஆழ மரப்பெட்டிக்குள் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை மேல்முனை உங்கள் பக்கம் வருமாறு 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அடித்தட்டில் இரண்டு அங்குலம் எம்-சாண்ட், முன்னால் அட்டையும் இலக்குத் தாளும். தகட்டில் பட்ட குண்டு கீழே மணலில் அடங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகே நிற்க வேண்டாம். எஃகு உருண்டைகள் மோசமாகத் திருப்பி அடிக்கும், ஈயக் குண்டு மட்டும் போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஈயம் அது.

காக்கை, புறா, அணில் பக்கம் குழல் திரும்பவே கூடாது. 'காக்கா பரவாயில்லை' என்பது பழைய கதை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் காகத்தைத் தீங்குயிர் என்று வைத்திருந்த அட்டவணை 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. கிண்டி தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் நுழைய முடியாது, ஏர் கன்னும் அதில் சேர்த்தி. தெருநாய் மேல் சுட்டு ஊனமாக்கினால் நியாய சன்ஹிதா 325-இல் 5 ஆண்டு வரை.

இனி துப்பாக்கிக்கு. குண்டு போடாமல் விசையை இழுத்துப் பார்ப்பதுதான் கடையிலிருந்து வந்த முதல் நாளே நடக்கும் தவறு. காற்றைத் தடுத்து நிறுத்த குண்டு இல்லாததால், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் மெத்தையின்றி முட்டிக்கொள்கிறது. சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். குழலை மடித்துக் குண்டு வைக்கும்போது மறுகையால் குழலைப் பிடித்தே இருங்கள். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி நழுவினால் குழல் மேலே அறைந்து விரலை நசுக்கிவிடும். காற்று அறைக்குள் எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் அது பற்றி வெடிக்கும், வேகம் தாறுமாறாகும். கடல்காற்று ஊருக்கு எண்ணெய் வெளிப்புறத்தில்தான் வேண்டும்: சுட்ட நாளெல்லாம் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் இரும்பைத் துடையுங்கள்.

வெளியே எடுத்துப் போவதானால் குண்டு இல்லாமல், உறையில், பில் நகலோடு. வண்டி பின்சீட்டில் திறந்து கிடக்கும் ஏர் கன்னும் நிஜத் துப்பாக்கியும் சோதனைச் சாவடி போலீசுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.