ஃபெடரேஷன்: கூட்டாட்சியா, கூட்டமைப்பா, கூட்டிணைவா?

எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் போன்ற திறந்த அரட்டை நெறிமுறைகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுந்தால் முதல் பத்தியிலேயே காலை இடறும் சொல் ஃபெடரேஷன். வெவ்வேறு ஆட்கள் நடத்தும் சர்வர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கு அங்கே இதுதான் பெயர். புரோட்டோகால் என்பதற்கு 'நெறிமுறை' பாடநூல்களிலேயே நிலைத்துவிட்டது. 'சர்வர்' என்றால் யாருக்கும் புரியும். இதற்குத்தான் ஆளுக்கொரு தமிழ்.

மூலம் லத்தீன். ஃபோய்துஸ் என்றால் உடன்படிக்கை. நம்பிக்கையைக் குறிக்கும் ஃபிதேஸ் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். ரோமானியரோடு உடன்படிக்கையால் சேர்ந்த இனங்களை ஃபோய்தெராத்தி என்றார்கள். அவர்கள் போருக்கு ஆள் அனுப்பினார்கள். அதனாலேயே ரோமானியர் ஆகிவிடவில்லை. உடன்படிக்கையிலும் சமமானது, சமமற்றது என்று இரு வகை உண்டு. இந்த வேறுபாடு பின்னால் உதவும்.

தமிழில் இச்சொல் போன இடமெல்லாம் வேறு உடை போட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசியலில் கூட்டாட்சி. இலங்கையில் சமஷ்டி. ஆனால் 1949இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சி ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி, தமிழிலோ இலங்கைத் தமிழரசுக் கட்சி. சமஷ்டி என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை. மலேசியாவில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். தொழிற்சங்கத்தில் சம்மேளனம், சினிமாக்காரர்களின் 'ஃபெப்சி' அப்படிப்பட்ட ஒரு சம்மேளனம். விளையாட்டுச் சங்கங்களுக்குக் கூட்டமைப்பு.

இவை எல்லாவற்றிலும் மேலே ஓர் அரசோ, தலைவர் செயலாளர் பொருளாளரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அரட்டை நெறிமுறையில் அந்த நாற்காலியே கிடையாது. எனவே அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேட வேண்டும்.

1999 ஜனவரியில் ஜெரமி மில்லர் என்ற அமெரிக்க நிரலாளர் ஜாபர் என்ற திறந்த அரட்டைத் திட்டத்தை அறிவித்தபோது ஐசிக்யூ, ஏஓஎல், யாஹூ, எம்எஸ்என் என்று ஒவ்வோர் அரட்டைச் சேவைக்கும் தனி மதில். ஜாபரின் நெறிமுறை 2004இல் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இணையத் தரமானது. அதில் முகவரி மின்னஞ்சல் முகவரி மாதிரியே இருக்கும். கயல்@முல்லை, மாறன்@குறிஞ்சி என்று இருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ள நெறிமுறை இடம் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது.) கயலின் செயலி முல்லை சர்வரோடு மட்டுமே பேசும். மாறனுக்கு அவள் அனுப்பும் செய்தியில் குறிஞ்சி என்ற பெயரைப் பார்த்ததும், 'இது நம் வீட்டுப் பிள்ளை இல்லை' என்று முல்லைக்குத் தெரிந்துவிடும். உடனே இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் குறிஞ்சியின் அரட்டை சர்வர் எங்கே என்று கேட்டு, வழக்கமாக 5269ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று), நேரே போய்க் கதவைத் தட்டும்.

குறிஞ்சி எடுத்த எடுப்பில் நம்பாது. வந்திருப்பது முல்லைதானா என்று பாதுகாப்புச் சான்றிதழைப் பார்க்கும். இல்லையென்றால் பழைய வழி ஒன்று உண்டு: வந்தவர் சொன்ன பெயரை டிஎன்எஸ்ஸில் தானே தேடி, அங்கே திரும்ப அழைத்து, 'இப்போது வந்தது உங்கள் ஆள்தானா?' என்று கேட்டுக்கொள்வது. சரியென்றால் செய்தியை வாங்கிக்கொள்ளும்; மாறன் இணைப்பில் இல்லாவிட்டால் வைத்திருந்து பிறகு கொடுக்கும். இரண்டு சர்வர்களும் முன்பின் அறிமுகமில்லாதவை. நடுவில் ஒரு தலைமையகத்திடமும் அனுமதி கேட்கவில்லை. ஃபோய்துஸ் இதுதான்: உடன்படிக்கை நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதை ஏற்பவர் எவரும் சேரலாம்.

மேட்ரிக்ஸ் 2014இல் வந்தது. பிரான்ஸ் அரசு ஊழியர்களுக்கான 'சாப்' செயலி இதன்மேல்தான் ஓடுகிறது. எக்ஸ்எம்பிபியில் ஒரு குழு அரட்டை ஏதாவது ஒரு சர்வரில் குடியிருக்கும். அது படுத்தால் குழுவும் படுக்கும். மேட்ரிக்ஸில் குழுவின் உரையாடல் உறுப்பினர்களின் சர்வர்கள் ஒவ்வொன்றிலும் படியெடுக்கப்படுகிறது. ஒன்று விழுந்தாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், விழுந்தது எழுந்ததும் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். வசதிதான், ஆனால் சர்வர் வைத்திருப்பவருக்குச் சுமை அதிகம்.

இதை வைத்து ஃபெடரேஷனை 'மையமற்ற' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பால் பேரன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1964இல் வரைந்த புகழ்பெற்ற வலையமைப்புப் படங்கள் மூன்று: ஒரு மையம், பல மையங்கள், மையமே இல்லாத வலை. முல்லையும் குறிஞ்சியும் தத்தம் பயனர்களுக்கு மையங்களே. ஆகவே 'பன்மைய' என்பதே பொருந்தும்.

நெறிமுறை திறந்திருந்தால் போதும், ஃபெடரேஷன் தானே வந்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. வாட்ஸ்அப் தொடங்கியதே எக்ஸ்எம்பிபியை மாற்றியமைத்துத்தான். ஆனால் வெளி எக்ஸ்எம்பிபி சர்வர் எதற்கும் கதவு திறக்கவில்லை. கூகுள் டாக் 2005இல் வந்து, 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களோடு கைகோத்தது. ஜாபர் ஆட்கள் கொண்டாடினார்கள். 2013இல் அதன் இடத்துக்கு வந்த ஹேங்அவுட்ஸ் அந்தக் கையை உதறியது. நெறிமுறைப்படி எல்லாரும் சமம். ஆனால் பயனர்களில் பெரும்பங்கு ஒரே சர்வரில் குவிந்திருந்தால், அது சமமற்ற உடன்படிக்கையாகிவிடுகிறது. இன்னொன்று: ஃபெடரேஷன் என்பதால் ரகசியம் உறுதியாகிவிடாது. எக்ஸ்எம்பிபியில் பயன்படும் ஓமெமோ போன்ற முனைக்கு முனை மறையாக்கம் (பேசுபவர்கள் மட்டுமே படிக்கும்படி செய்தியைப் பூட்டுவது) இல்லையென்றால் சர்வர் நடத்துபவர் செய்தியைப் படிக்கலாம். மறையாக்கம் இருந்தாலும்கூட யார் யாரோடு பேசினார் என்பது அவருக்குத் தெரியும்.

இனி சொல். கூட்டாட்சியில் ஆட்சி இருக்கிறது. சம்மேளனத்தில் மேடை இருக்கிறது. கூட்டமைப்பு என்றால் அலுவலகம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. என் தேர்வு கூட்டிணைவு. அது ஓர் அமைப்பின் பெயராக இல்லாமல் ஒரு செயலின் பெயராக இருக்கிறது. வினையாக்கவும் வளைகிறது: கூட்டிணைந்த சர்வர்கள், 'முல்லை குறிஞ்சியோடு கூட்டிணைகிறது'. குப்பைச் செய்திகள் கொட்டும் சர்வரை மற்றவை ஒதுக்கிவைப்பதற்கு, டிஃபெடரேட் என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு, கூட்டு முறித்தல் என்று எழுதலாம். பேச்சில் 'அந்த சர்வரோடு காய் விட்டாச்சு' என்றாலே போதும். மறுபடி சேர்ந்தால் பழம்.